மார்க் பொய் சொன்னால் யாருக்கு நஷ்டம்?



பரீட்சை மாதம் வந்தாலே நம் வீடுகளில் டி.வி. சத்தம் அடங்கி விடுகிறது. விருந்தாளி வந்தால்கூட "புள்ளைக்குப் பரீட்சை" என்று சொல்லி வாசலோடு பேசி அனுப்புகிறோம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து காபி போட்டுக் கொடுக்கிறோம். மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டு படியேறுகிறோம். இவ்வளவும் செய்கிற நாம் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் வாய் திறந்து பேசுவதில்லை. பிள்ளை வாங்கி வருகிற மார்க் நேர்மையாக வந்ததா என்பதுதான் அது. இதைப் பற்றி என் மனதில் பட்டதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கூட்டேரிப்பட்டு. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், சென்னை - திருச்சி சாலையில் இருக்கிறது. மார்க் மோசடி எல்லாம் எங்கோ வடநாட்டில் நடக்கிற சமாசாரம் என்றுதான் இங்கே பலரும் நினைத்துக் கொண்டிருந்தார்கள். 2015-ல் பீகாரில் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்தின் சுவரில், பெற்றவர்களும் உறவுக்காரர்களும் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகத் துண்டுச் சீட்டு கொடுத்த போட்டோ பேப்பரில் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதைப் பார்த்து நாம் எல்லோரும் சிரித்தோம்.

மூன்றே வருடத்தில் அந்தச் சிரிப்பு நின்று போனது. 2018 ஆகஸ்டில் பேப்பரைப் பிரித்தால் எங்கள் திண்டிவனத்தின் பெயர்! அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஏப்ரல் - மே செமஸ்டர் தேர்வில் மறுமதிப்பீடு கேட்டு 3 லட்சம் விண்ணப்பங்களுக்கு மேல் வந்தன. அதில் 70 ஆயிரத்துக்கும் அதிகமானவை பாஸ் என்று மாறின. இதில் முறைகேடு நடந்திருக்கிறது, ஒரு பேப்பருக்கு 10 ஆயிரம் ரூபாய் வரை கைமாறி இருக்கிறது என்று லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் போட்டது. முன்னாள் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி உட்பட பத்துப் பேர் மீது வழக்கு. அதில் திண்டிவனம் பொறியியல் கல்லூரியின் உதவிப் பேராசிரியர்களும் இருந்தார்கள்.

யார் தப்பு செய்தார்கள், யார் செய்யவில்லை என்று தீர்ப்புச் சொல்வது கோர்ட்டின் வேலை. நான் சொல்ல வருவது வேறு. பாஸான அத்தனை பேருமா பணம் கொடுத்திருப்பார்கள்? நிச்சயம் இல்லை. கூட்டலில் விட்டுப்போன மார்க், திருத்தும்போது கவனிக்காமல் விட்ட பக்கம் என்று நியாயமாகவே மார்க் கூட வேண்டிய பிள்ளைகள் அதில் எவ்வளவோ பேர் இருந்திருப்பார்கள். அந்த வருடம் மறுமதிப்பீட்டில் பாஸானவன் இன்டர்வியூவுக்குப் போனால், எதிரே உட்கார்ந்திருப்பவர் அவனை எப்படிப் பார்த்திருப்பார்? "நீ எந்த வகை?" என்று வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் கண் கேட்குமே! கொடுத்தவன் செய்த பாவம், கொடுக்காதவன் தலையிலும் விடிகிறது. அதுதான் இதில் பெரிய கொடுமை.

எங்கள் ஊர்ச் சந்தையில் தராசில் கள்ள எடை வைத்து ஒரு வியாபாரி பிடிபட்டால் என்ன ஆகும்? அவனிடம் மட்டுமா வாங்க மாட்டோம்? பக்கத்துக் கடைக்காரரின் படிக்கல்லையும் கையில் தூக்கிப் பார்ப்போம். மார்க்கும் ஒரு எடைக்கல்தான். ஒரு இடத்தில் அது பொய் சொன்னால், ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரின் மார்க்கும் எடை குறைந்து போகும்.

இதில் அதிகமாக நஷ்டப்படுவது நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள்தான். யோசித்துப் பாருங்கள். நம் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்ய யார் இருக்கிறார்கள்? கரும்பு வெட்டப் போகிறவர் மகளும், ரைஸ் மில் முதலாளி மகனும் ஒரே மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே கேள்வித்தாளுக்குப் பதில் எழுதுகிற இடம் இந்த நாட்டில் வேறு எங்கே இருக்கிறது? பொதுத் தேர்வு விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு எழுதியது யார் என்றே தெரியாது. பெயர் தெரியாது, ஜாதி தெரியாது, அப்பா என்ன வேலை செய்கிறார் என்பதும் தெரியாது. ஏழை வீட்டுப் பிள்ளை ஏறி வருவதற்கென்று இருப்பது அந்த ஒரு ஏணிதான். காசு கொடுத்தும், பிட்டு வைத்தும் அதில் ஏறலாம் என்று ஆகிவிட்டால், காசு இருக்கிறவன் முதலில் ஏறிவிடுவான். நம் பிள்ளை கீழேயே நிற்கும்.

நடக்காததைச் சொல்லவில்லை. 2019 செப்டம்பர் 1-ம் தேதி நடந்த குரூப்-4 தேர்வை 16 லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். ராத்திரி பகலாகப் படித்த பெண்கள் அதில் எத்தனை பேர்! குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டே பொது அறிவு படித்தவர்கள் எத்தனை பேர்! கடைசியில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் முதல் நூறு இடங்களில் குவிந்து கிடந்ததைப் பார்த்து சந்தேகம் வந்தது. எழுதிய கொஞ்ச நேரத்தில் அழிந்து போகிற மையால் விடைகளைக் குறித்துவிட்டு, வழியில் விடைத்தாளை எடுத்துச் சரியான விடையைக் குறித்திருக்கிறார்கள் என்று விசாரணையில் வெளியே வந்தது. 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் முழுவதும் தேர்வு எழுதத் தடை விதித்தது டி.என்.பி.எஸ்.சி. அது வெளியே வராமல் போயிருந்தால்? 99 வீடுகளில் பொய் வெளிச்சம். நியாயமாக எழுதிய 99 வீடுகளில் இருட்டு. அந்த இருட்டு வீட்டில் இருந்தவர்களுக்குத் தங்கள் வேலை திருட்டுப் போனது என்பதே தெரிந்திருக்காது. "என் தலையெழுத்து" என்று தங்களையே நொந்து கொண்டிருப்பார்கள்.

இதை எல்லாம் பேசினால் அக்கம்பக்கத்தில் இரண்டு பதில் வருகிறது.

முதல் பதில்: "எல்லாரும்தான் பண்றாங்க. நம்ம புள்ள மட்டும் ஏமாளியா இருக்கணுமா?" இதற்குப் பதில் சுலபம். எல்லோரும் செய்வதில்லை. செய்கிறவர்கள்தான் அப்படிச் சொல்கிறார்கள், துணைக்கு ஆள் தேடி!

இரண்டாவது பதில் அப்படி இல்லை. அதைக் கேட்டால் மனசு கனத்துப் போகும். "இந்தப் பொண்ணு பத்தாவதுல பெயிலானா அடுத்த முகூர்த்தத்துலயே கட்டிக் குடுத்துடுவாங்க. ஒரு மார்க் கேள்விக்கு யாராவது ரெண்டு விடை சொல்லிக் குடுத்தா என்ன குடி முழுகிடும்? ஒரு பொண்ணு வாழ்க்கை பிழைக்குமே!" என்று கேட்கிறார்கள். எங்கள் மாவட்டம் தேர்ச்சிப் பட்டியலில் பல வருடம் கடைசி வரிசையில் நின்ற மாவட்டம். "சதவீதம் ஏன் குறைந்தது?" என்று மேலே இருப்பவர்கள் கேட்க, கீழே இருக்கிற ஆசிரியர்கள் தவிக்க, இப்படி ஒரு இரக்கமும் கூடச் சேர்ந்துகொள்கிறது.

இந்த இரக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், அது அந்தப் பெண்ணை எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். 2023-ல் நீலகிரி மாவட்டத்தில் ஒரு தேர்வு மையத்தில், பிளஸ் டூ கணக்குப் பரீட்சையில் ஆசிரியர்களே உதவி செய்தார்கள் என்று புகார் வந்தது. ரிசல்ட் வந்த அன்று 34 பிள்ளைகளின் முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. தோழிகளெல்லாம் மார்க் பார்த்துக் கொண்டிருக்க, தன் மார்க் மட்டும் வராமல் நின்ற பிள்ளையின் முகத்தை நினைத்துப் பாருங்கள். உதவி என்று நினைத்துச் செய்தது உபத்திரவமாக முடிந்தது.

பிடிபடாவிட்டாலும் நன்மை இல்லை. கூட்டல் கழித்தல் தடுமாறுகிற பெண்ணைப் பத்தாவதில் தள்ளிவிட்டால், அவள் பிளஸ் ஒன்னில் போய்த் திணறுவாள். அப்போது யார் உதவுவார்கள்? "படிப்பு ஏறல" என்று அப்போது நிறுத்தி, அப்போது கட்டிக் கொடுப்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பெயில் என்றால் கதை முடிந்தது என்று நாம்தான் நினைக்கிறோம். மார்ச்சில் போனதை அதே வருடம் துணைத் தேர்வில் எழுதி, அந்த வருடமே மேலே படிக்க வழி இருக்கிறது. பத்தாவதில் பாஸ் மார்க் நூற்றுக்கு 35தான். எங்கள் தெருவில் ஒரு பெண் கணக்கில் போய்விட்டாள். அவளுடைய அத்தை, தினமும் மாலையில் அவளைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, நாலாம் வகுப்புக் கணக்கிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். "வகுத்தலே தெரியாதவ கிட்ட பத்தாங்கிளாஸ் கணக்க கேட்டா என்னாத்த போடுவா?" என்பாள் அத்தை. துணைத் தேர்வில் 41 வாங்கினாள் அந்தப் பெண். அந்த 41 மார்க்கை யாரும் அவளிடமிருந்து பிடுங்க முடியாது. இன்றைக்கு எங்கள் மகளிர் குழுவின் கணக்கு நோட்டை எழுதுவது அவள்தான். இதுவரை ஒரு ரூபாய் உதைத்ததில்லை.

கல்யாணம் என்று மிரட்டுகிற வீடாக இருந்தால், பதினெட்டு வயதுக்கு முன்னால் கட்டிக் கொடுப்பது சட்டப்படி குற்றம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். 1098 என்ற நம்பர் எதற்கு இருக்கிறது? பெண்ணைக் காப்பாற்ற வேண்டுமானால் அப்படிக் காப்பாற்றலாமே. பொய் மார்க்கால் காப்பாற்ற முடியாது.

சட்டம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள் சிலர். 2024-ல் நீட் கேள்வித்தாள் பீகார், ஜார்கண்ட் பக்கம் வெளியானது. அந்த வருடம் ஜூனில் மத்திய அரசின் புதிய சட்டம் அமலுக்கு வந்தது. கூட்டாகச் சேர்ந்து மோசடி செய்தால் 10 ஆண்டு வரை ஜெயில், குறைந்தது ஒரு கோடி ரூபாய் அபராதம். நல்லதுதான். ஆனால், அது மத்திய அரசுத் தேர்வுகளுக்கான சட்டம். நம் பள்ளிக்கூடத்துப் பரீட்சைக்கும், நம் வீட்டுச் சமையல்கட்டுக்கும் அது வராது. பொய் ஆரம்பிக்கிற இடமோ அங்கேதான்!

எப்படி என்கிறீர்களா? நாலாவது படிக்கிற பிள்ளைக்குப் பள்ளியில் சார்ட் செய்து வரச் சொல்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு அம்மா உட்கார்ந்து வெட்டி, ஒட்டி, கலர் அடிக்கிறாள். பிள்ளை தூங்குகிறது. காலையில் அதை எடுத்துக்கொண்டு போய் "நானே செஞ்சேன் மிஸ்" என்கிறது. "வெரி குட்" வாங்கி வருகிறது. இப்போது அந்தச் சிரமம்கூட இல்லை. செல்போனில் கேட்டால் கட்டுரையே எழுதி வந்துவிடுகிறது. அடுத்தவர் உழைப்பில் தன் பெயரை எழுதலாம் என்பதை அந்தக் குழந்தை அன்றைக்கே கற்றுக்கொண்டு விடுகிறதே! பிறகு பத்தாவதில் பிட்டு வைத்தான் என்று பறக்கும் படை பிடித்தால், "யார் கத்துக் குடுத்தாங்கன்னே தெரியலையே" என்று தலையில் அடித்துக்கொண்டு என்ன பிரயோஜனம்?

எனக்குத் தோன்றிய சில வழிகளைச் சொல்கிறேன்.

பிள்ளை மார்க் சீட்டோடு வந்தால் "எத்தனை?" என்பதோடு நிறுத்தாமல், "இதுல எனக்கு ஒண்ணு சொல்லிக் குடு" என்று கேளுங்கள். நமக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை. படித்த பிள்ளை சொல்லும், படிக்காத பிள்ளை விழிக்கும். அதைக் கண்டுபிடிக்க நாம் டிகிரி வாங்கியிருக்க வேண்டியதில்லை. கோணல்மாணலாக இருந்தாலும் சார்ட்டைப் பிள்ளையே ஒட்டட்டும். மார்க் குறைந்தால் திட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், உண்மையைச் சொன்னதற்காகத் திட்டாதீர்கள். அடிக்குப் பயந்துதான் பாதிப் பிள்ளைகள் அப்பா கையெழுத்தைத் தாங்களே போடுகின்றன.

2017-ல் மாநில ரேங்க், மாவட்ட ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தை அரசே நிறுத்திவிட்டது. நாம்தான் இன்னும் நாத்தனார் பிள்ளை எத்தனை, ஓரகத்தி பிள்ளை எத்தனை என்று வீட்டுக்குள் ரேங்க் போட்டுக் கொண்டிருக்கிறோம். அதையும் நிறுத்தலாம்.

அரசுப் பள்ளியில் பிள்ளை படித்தால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். அந்தக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009-ம் வருட கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. போய், டீ குடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல், "கணக்கு டீச்சர் போஸ்ட் காலியா இருக்கா? பின்தங்கின பிள்ளைகளுக்குச் சாயங்காலம் தனியா சொல்லித் தர முடியுமா?" என்று கேளுங்கள். "எத்தனை பர்சன்ட் பாஸ்?" என்று கேட்டால் ஆசிரியருக்குப் பயம்தான் வரும். "எத்தனை பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும்?" என்று கேட்டால் வேலை நடக்கும்.

வட்டிக்கு வாங்கியும் நகையை அடகு வைத்தும்தான் நம் வீடுகளில் காலேஜ் பீஸ் கட்டுகிறோம். அந்தக் காசில் பிள்ளைக்கு வர வேண்டியது படிப்பு. மேலே ஒரு பத்தாயிரம் கொடுத்தால் பேப்பர் பாஸாகிவிடும் என்று யாராவது வாசலில் வந்து நின்றால், "எங்க வீட்டுப் பிள்ளை அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கும்" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிற துணிச்சல் வீட்டிலிருக்கும் பெண்களுக்கு வர வேண்டும். ஏனென்றால், நம் கழுத்தில் இருப்பதைக் கழற்றித்தானே அந்தப் பணமும் போகும்!

என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, கூட்டேரிப்பட்டு.