விஷவாயு யாரையும் தொட்டிக்குள் இறக்குவதில்லை

‘விஷவாயு தாக்கி தொழிலாளி பலி.’ கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் இறந்துபோனால் வழக்கமாக வரும் தலைப்பு இது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்துத் தோழர்கள் பலர் இப்போது சாதிக் கொடுமைகளைப் பற்றித் தொடர்ந்து எழுதுகிறார்கள். கல்லூரி மாணவர்களும் எழுதுகிறார்கள், தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வருபவர்களும் எழுதுகிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் அவர்களுடைய கண்டனங்களிலும் அதே தலைப்பு அப்படியே வந்து உட்கார்ந்துகொள்கிறது. எனவே எழுத்தில் அடிக்கடி நேரும் சில தவறுகளை நாம் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தத் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். அதில் குற்றவாளி வாயு. உள்ளே இறங்கச் சொன்ன கட்டட உரிமையாளர், ஆளை அனுப்பிய ஒப்பந்ததாரர், கண்காணிக்க வேண்டிய அதிகாரி ஆகியோரில் ஒருவர்கூட அந்த வாக்கியத்தில் இல்லை. கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதாளச் சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் அபாயகரமான முறையில் சுத்தம் செய்ய யாரையும் அமர்த்தக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறைக்கே 2 ஆண்டுகள் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். எனவே அது விபத்துச் செய்தி அல்ல, குற்றச் செய்தி. ‘பலி’ என்று எழுதுவதற்கு முன் ‘இறக்கியது யார்?’ என்று கேட்டு எழுதுங்கள்.

இரண்டாவது தவறு, பழைய தகவலோடு கோரிக்கை வைப்பது. ‘குடும்பத்துக்கு 10 லட்சம் வழங்கு’ என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தொகை. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்திவிட்டது. தோழர் எழுதிய ஒரு வரியை நம்பி ஒரு விதவை 20 லட்சத்தைக் கேட்காமலேயே விட்டுவிடக் கூடும்.

மூன்றாவது, யாரைக் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்பது. நம் பகுதியிலேயே அம்பத்தூர் பெருநகர சென்னை மாநகராட்சியின் 7ஆவது மண்டலம். அங்கே பாதாளச் சாக்கடைக்குப் பொறுப்பு குடிநீர் வாரியம். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. பூந்தமல்லிக்கு நகராட்சி. ‘மாநகராட்சியே பதில் சொல்’ என்று பொதுவாக எழுதினால், ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும்.

நான்காவது தவறு பாதிக்கப்பட்டவரையே பதம் பார்க்கிறது. பாலியல் வன்கொடுமை நடந்தால் கோபத்தில் அந்தப் பெண்ணின் பெயரையும் படத்தையும் போட்டு நீதி கேட்கிறார்கள். அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவின்படி குற்றம். சிறுமி என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவும் சேரும். பெயரை மறைத்து ஊர், தெரு, தகப்பன் பெயர், பள்ளி எல்லாவற்றையும் எழுதினாலும் அதே கதைதான். வழக்கு முடிந்த பிறகும் அந்தப் பிள்ளை அந்தத் தெருவில்தான் வாழ வேண்டும்.

ஐந்தாவது, சான்று இருக்க வேண்டிய இடத்தில் வசவு இருப்பது. கோபம் நியாயமானது, அதை யாரும் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். வசவாக வீசப்பட்ட பெயரையே தலைப்பாக வைத்த துணிச்சல் அது. அதோடு அவர் நிற்கவில்லை. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் சாதி இந்துக்களே அதிகாரத்தைப் பிடிப்பார்கள் என்று வாதாடி, 3,412 பேரின் கையொப்பத்தோடு 112 அடி நீள மனுவை இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். அந்த மனுவை நிறுத்துப் பார்க்க எதிரிக்கும் எண்ணிக்கை இருந்தது. 1907இல் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழ’னைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், பழைய இலக்கியங்களையும் சுவடிகளையும் புரட்டி எடுத்து வைத்துத்தான் வாதாடினார். மேடை இல்லாதவர்களுக்கு ஆவணமே மேடை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆறாவது தவறுதான் மிகப் பெரியது. முதல் வாரம் எழுதிவிட்டு மறந்துவிடுவது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. தமிழ்நாடே எழுதியது. பிறகு பேச்சு குறைந்தது. 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்ட அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மூவர் மீதே சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. யாரை எப்போது விசாரித்தார்கள், எந்தப் பரிசோதனை எப்போது நடந்தது, ஊர் மக்கள் அன்றைக்கே என்ன சொன்னார்கள் என்று தேதிவாரியாகக் குறித்து வைத்திருந்தவர்களால்தான் அதை எதிர்த்துக் குறிப்பாகக் கேள்வி கேட்க முடிந்தது. மற்றவர்களிடம் அதிர்ச்சி மட்டும்தான் இருந்தது.

இவ்வளவு பார்த்தால் எப்போதுதான் எழுதுவது, செய்தி ஆறிப்போகாதா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. முதல் நாளே எழுதுங்கள், உறுதியானதை மட்டும் எழுதுங்கள். ‘இன்னார் புகார் கொடுத்திருக்கிறார், இந்தப் பிரிவுகளில் வழக்கு பதிவாகியிருக்கிறது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்க்கப்படவில்லை’ என்ற மூன்று வரி, முப்பது வரி ஆவேசத்தைவிட அதிகாரியைத் தூங்கவிடாது. ஆதாரமில்லாமல் ஒருவரைக் குற்றவாளி என்று எழுதினால் அவதூறு வழக்குக்கு அலைவது நீங்கள்தான். அசல் வழக்கு அதற்குள் நீர்த்துப்போகும்.

புகார் கொடுத்தவருக்கு எஃப்ஐஆர் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். குடும்பத்தோடு சென்று அதை வாங்கிக் கொடுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு என்றால் விசாரிக்க வேண்டியவர் டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி, விசாரணையை 60 நாட்களில் முடிக்க வேண்டும் என்பது விதி. வழக்கு பதிவான தேதியிலிருந்து 60ஆம் நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். அடுத்த கட்டுரையை அன்றைக்கு எழுதுங்கள்.