சபை கேட்கும் பாட்டு

இசைக் குழுக்களைப் பற்றிப் பேச்சு வரும்போது, நம்மவர் சிலர் ஒரு வார்த்தையை மிக அலட்சியமாகச் சொல்லிவிடுவதுண்டு. “இவர்கள் சொந்தமாக என்ன செய்கிறார்கள்? யாரோ எழுதி, யாரோ இசையமைத்து, யாரோ பாடி வைத்த பாட்டைத் திருப்பிப் பாடுகிறார்கள், அவ்வளவுதானே!” என்பது அவர்கள் வாதம். கோயில் திருவிழாவிலும், கலியாண மண்டபத்திலும், பாடசாலை விழாவிலும் சினிமாப் பாடல்களை இசைத்துப் பிழைக்கும் மெல்லிசைக் குழுவினரை மனத்தில் வைத்தே இவ்வாறு சொல்லுகிறார்கள். மேலோட்டமாக நோக்குவோருக்கு இது நியாயமாகத்தான் தோன்றும்.

ஆயின், பாட்டு இரவல் என்பதனால் கலையும் இரவலாகிவிடுமா? பாட்டை ஆக்கியவர் ஒருமுறை ஆக்கி முடித்துவிட்டார். அதனை இன்றைக்கு, இந்த ஊரில், இந்த மனிதர்களுக்கு, எந்த வேளையில் கொடுப்பது என்று ஒவ்வோர் இரவும் புதிதாக முடிவு செய்ய வேண்டியவர் மேடையில் நிற்பவரே. வள்ளுவப் பெருந்தகை ‘அவையறிதல்’ என்று ஓர் அதிகாரத்தை 72ஆவதாக வைத்து, ‘அவை அஞ்சாமை’யை அதற்கு அடுத்த 73ஆவது அதிகாரமாக வைத்தார். அவர் மனத்தில் இருந்தது கற்றோர் கூடும் சபை. எனினும் அந்த வரிசை பாடகனுக்கும் நன்றாகப் பொருந்தும். சபையை முதலில் அறிந்துகொண்டால், பிறகு அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

சபையை அறிவது எங்ஙனம்? கைதட்டலை மாத்திரம் நம்பினால் ஏமாந்துபோவோம். கைதட்டல் பலவேளைகளில் வெறும் மரியாதை. அனுபவமுள்ள குழுத்தலைவர் முன்வரிசையை அதிகம் பார்ப்பதில்லை. அங்கே இருப்பவர்கள் பிரமுகர்கள். எந்தப் பாட்டுக்கும் ஒரே முகத்தோடு இருப்பார்கள். அவர் கண் கூட்டத்தின் ஓரத்தில் இருக்கும். தேநீர்க் கடைப் பக்கமாக நின்று கதைத்துக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்தினார்களா? வீதியில் போகிறவர் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு காலை ஊன்றிக்கொண்டாரா? பாயை விரித்துப் பிள்ளைகளைக் கிடத்தியிருக்கும் தாய்மார், எழுந்து போவதற்குப் பாயைச் சுருட்டுகிறார்களா, அல்லது இன்னும் ஒரு பாட்டுக்கு இருப்போம் என்று சாய்ந்துகொள்கிறார்களா? இவையே அவருக்கு வேண்டிய செய்திகள். பக்திப் பாடல் இரண்டோடு தொடங்குவது வழக்கம். அது இறைவனுக்கு வணக்கம்; கூட்டத்தை நாடி பிடித்துப் பார்க்க அகப்படும் அவகாசமுங்கூட.

இவ்வாறு சபையை உற்றுப் பார்த்ததனால் ஒரு புதிய பாட்டே பிறந்த கதை உண்டு. அமெரிக்காவின் கறுப்பினப் பாடகர் றே சார்ள்ஸ், கண்பார்வை அற்றவர். 1958ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறவுண்ஸ்வில் என்னும் ஊரில், நடன மண்டபம் ஒன்றில் அவருடைய குழு வாசித்துக்கொண்டிருந்தது. நள்ளிரவு தாண்டிவிட்டது. வைத்திருந்த பாட்டுகளெல்லாம் தீர்ந்துபோயின. ஒப்புக்கொண்ட நேரத்தில் இன்னும் சுமார் பன்னிரண்டு நிமிஷம் மிச்சம் இருந்தது. அவர் தம் மின்பியானோவில் ஒரு தாளக்கட்டைத் தொடங்கி, தாம் ஒன்று சொன்னால் கூடப் பாடும் பெண்கள் அதையே திருப்பிச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு, மனம்போனபடி பாடலானார். மண்டபத்தின் தரை அதிர்வதைக் கொண்டே சபையின் நிலைமையை உணர்ந்துகொண்டார். ஆட்டம் முடிந்ததும் சனங்கள் வந்து, “இந்தப் பாட்டின் இசைத்தட்டு எங்கே வாங்கலாம்?” என்று கேட்டார்களாம். இசைத்தட்டு ஏது? பாட்டே அன்றிரவு பிறந்ததுதானே! 1959இல் அது பதிவாகி வெளிவந்து, உலகெங்கும் அவர் பெயரைக் கொண்டுபோயிற்று. கண்ணால் காணாத ஒருவர் சபையைக் காலால் கண்டுகொண்டார் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தப் பாட்டையே பின்பு இரவல் வாங்கிப் பாடித் தேறியவர்களுள் இங்கிலாந்தின் லிவர்பூல் நகர இளைஞர் ஐவரும் அடங்குவர். பின்னாளில் பீற்றில்ஸ் என்று உலகம் கொண்டாடிய குழுதான் அது. 1960ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அவர்கள் ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுகப் பட்டினத்துக்குப் போனபோது, அவர்களை அறிந்தவர் அங்கே எவருமில்லை. ‘இந்திரா’ என்னும் சிறிய கேளிக்கை விடுதியில் சாதாரண நாட்களில் நாலரை மணி நேரமும், வார இறுதியில் ஆறு மணி நேரமும் பாட வேண்டும். அவ்வாறு 48 இரவுகள் பாடினார்கள். சத்தம் பொறுக்க முடியவில்லை என்று முறைப்பாடு எழுந்தமையால் அங்கே இசை நின்றது. ஒக்டோபரில் கைசர்கெல்லர் என்னும் பெரிய விடுதிக்கு மாறினார்கள். கேட்பவர்களோ மாலுமிகள், துறைமுகத் தொழிலாளர், இரவெல்லாம் விழித்திருக்கும் பலவகை மனிதர். மொழியும் வேறு. சும்மா நின்று பாடினால் போதாது, சனங்களைப் பிடித்து நிறுத்த ஆட்டமும் காட்ட வேண்டும் என்று விடுதி முதலாளி ஓயாமல் வற்புறுத்தினார்.

நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் பாடுவதற்குத் தமக்குப் பிடித்த துள்ளிசைப் பாட்டுகள் மட்டும் எங்ஙனம் போதும்? ஆகவே அவர்கள் அகப்பட்டதையெல்லாம் கற்றுக்கொண்டார்கள். பழைய மேடை நாடகப் பாட்டு, மெக்சிக்கோ நாட்டுக் காதற் பாட்டு, தாய் தகப்பன் காலத்து மெல்லிசை என்று எதையும் ஒதுக்கவில்லை. தோற்சட்டையும் முரட்டுத் தோற்றமுமாய் நின்ற இளைஞர்கள், இடையில் ஒரு மென்மையான காதற் பாட்டைப் பாடினார்கள். வந்திருப்பவன் முரடன் என்பதற்காக அவன் நெஞ்சில் மென்மை இல்லையென்று யார் சொன்னார்கள்? அப்பாடங்களின் பயன் பின்னர் தெரிந்தது. 1963ஆம் ஆண்டு நவம்பர் 4ஆந் திகதி லண்டனில் அரச குடும்பத்தார் முன்னிலையில் பாடும் வாய்ப்பு வந்தபோது, அவர்கள் பாடிய நான்கு பாட்டுகளில் ஒன்று, 1957இல் மேடையேறிய அமெரிக்க இசை நாடகம் ஒன்றின் மென்மையான பாட்டே. அவ்வாண்டு வெளிவந்த அவர்களுடைய முதலாவது நெடுந்தட்டிலும் பதினான்கு பாட்டுகளுள் ஆறு பிறருடையவை. பிறர் பாட்டைப் பாடிய காலம் அவர்களுக்கு வீணாய்ப் போகவில்லை. சபையைப் படித்த பள்ளிக்கூடம் அதுவே.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் இல்லாமற் போகவில்லை. போர்த்துக்கேயர் வழிவந்த பைலா இசையை 1940களில் சனங்களிடையே பரவச் செய்தவர் வொலி பஸ்தியன். அப்பைலாவின் துள்ளலைத் தமிழ் மேடைக்கு உரியதாக்கிய பொப்பிசைப் பாடகர்களுள் நித்தி கனகரத்தினமும், 2018இல் காலமான ஏ. ஈ. மனோகரனும் மறக்கத்தகாதவர்கள். சிங்களமும் தமிழும் கலந்து பாடிய மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் கடந்து தமிழ்நாட்டிலும் ஒலித்தது. இரண்டு மொழி பேசுவோர் ஒரே மண்டபத்தில் இருக்கும்போது, ஒரு சாராருக்குப் பாடினால் மறுசாரார் வெறுமனே இருக்க நேரிடும். அந்தச் சங்கடத்துக்குப் பைலா மேடை கண்ட வழி, இருவரையும் ஒரே பாட்டுக்குள் அழைத்துக்கொள்வது. சபையறிதல் என்பதற்கு இதனிலும் சிறந்த விளக்கம் வேண்டுமா?

இனி, எதிர்பாராத விருப்பங்களைப் பற்றிச் சிறிது பேசுவோம். மேடைக்கு வரும் துண்டுக் கடதாசிகளைக் கண்டவர்களுக்கு ஓர் உண்மை தெரியும்: மனிதருடைய தோற்றத்தைக் கொண்டு அவருடைய பாட்டைச் சொல்ல முடியாது. தலைமயிரை நவநாகரிகமாக வெட்டிக்கொண்ட இளைஞன் தியாகராஜ பாகவதர் காலத்துப் பாட்டைக் கேட்கிறான். விபூதி துலங்க அமர்ந்திருக்கும் பெரியவர், பேரப்பிள்ளைகள் ஆடும் குத்துப்பாட்டை இன்னொருமுறை பாடச் சொல்லுகிறார். இளைஞனைக் கேட்டால், “அது எங்கள் அப்பப்பா முணுமுணுக்கிற பாட்டு” என்பான். பெரியவருக்கோ பாட்டு ஒரு பொருட்டன்று; பிள்ளைகள் ஆடுவதை இன்னொரு தரம் பார்க்க வேண்டும். இருவரும் பாட்டின் பெயரைத்தான் எழுதி அனுப்பினார்கள். கேட்டதோ, பாட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரை, ஒரு காலத்தை.

இலங்கை வானொலியின் நேயர் விருப்ப நிகழ்ச்சிகளை வீடு நிறைய இருந்து கேட்டவர்களுக்கு இது விளங்கும். பாட்டு ஒலிக்குமுன் பெயர்களும் ஊர்களும் வாசிக்கப்படும்போது, பாட்டிலும் பார்க்க அந்தப் பெயர்களுக்காகவே காத்திருந்தவர்கள் எத்தனை பேர்!

இத்தகைய விருப்பம் சில வேளைகளில் குழுவினரைத் தருமசங்கடத்தில் வீழ்த்திவிடும். கலியாண வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இளைஞர்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மணமகளின் அப்பாச்சியிடமிருந்து ஒரு சீட்டு வருகிறது. அவர் கேட்பதோ ஒரு சோகப் பாட்டு. காலஞ்சென்ற தம் கணவர் விரும்பிக் கேட்ட பாட்டு அது என்பது உறவினருக்குத் தெரியும், மேடைக்குத் தெரியாது. மங்கல வீட்டில் சோகம் பாடலாமா என்று ஒருவர் முணுமுணுப்பார். ஆட்டம் குலைந்துவிடுமே என்று இளைஞர் சலித்துக்கொள்வார்கள். பாடாமல் விட்டால், அந்த மூதாட்டி ஒன்றும் சொல்லமாட்டார், சும்மா இருந்துவிடுவார். அதுதான் மிகக் கொடியது.

கெட்டிக்காரக் குழுத்தலைவர் இங்கே என்ன செய்வார்? முதலில் சீட்டைக் கொண்டு வந்த பிள்ளையிடம், “யார் கேட்டது, என்ன விசேஷம்?” என்று மெல்ல விசாரிப்பார். ஆட்டத்தை நடுவில் அறுக்கமாட்டார். சனங்கள் களைத்துச் சாப்பாட்டுக்குத் திரும்பும் வேளை பார்த்து, வாத்தியங்களைத் தணித்து, பாட்டின் பல்லவியையும் ஒரு சரணத்தையும் மாத்திரம் பாடுவார். ஒலிவாங்கியில், “மணமகளின் அப்பாச்சிக்காக” என்று ஒரு வார்த்தை சொல்லுவார். அந்த ஒரு வார்த்தையிலே சோகப் பாட்டு ஆசீர்வாதமாக மாறிவிடும். முணுமுணுத்தவரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பின்பு மெதுவாகத் தாளத்தை உயர்த்திப் பழைய கலகலப்புக்குக் கொண்டுவந்துவிடலாம்.

தெரியாத பாட்டைக் கேட்டால்? தெரியாது என்று மரியாதையாகச் சொல்லி, அதே பாடகருடைய வேறொரு பாட்டையோ, அதே காலத்துப் பாட்டையோ கொடுப்பது நல்வழி. அரைகுறையாகப் பாடிக் கேட்டவருடைய நினைவைக் கெடுப்பது பாவம். வெறி மயக்கத்தில் ஒருவர் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால்? “உங்கள் பாட்டு வருகிறது, அண்ணை” என்று இன்முகத்தோடு சொல்லி, அவர் பெயரைச் சொல்லி வாழ்த்தி, நேரத்தைக் கடத்துவார்கள். பணத்தை நீட்டி, மற்றவர் சீட்டை முந்த நினைப்பவருக்கும், கூட்டத்தைப் பிரித்து வம்பு வளர்க்கும் பாட்டைக் கேட்பவருக்கும் புன்சிரிப்போடு மறுப்புச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டவரை அவமதிக்கலாகாது, சபையையும் ஒருவருக்காக விட்டுக்கொடுக்கலாகாது. இந்த இரண்டுக்கும் நடுவே நடப்பது கயிற்றின்மேல் நடப்பதை ஒக்கும்.

கேட்பவருக்கும் கடமை உண்டு. சீட்டை எழுதும்போது பாட்டின் பெயரோடு யாருக்காக என்பதையும் எழுதிவிட்டால், மேடையில் நிற்பவருக்கு எத்தனை உதவி! நம் பாட்டு வரும்வரை பிறர் பாட்டைப் பொறுமையோடு கேட்பதும், வேறொருவர் விருப்பத்தை ஏளனம் செய்யாதிருப்பதும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டிய பண்புகளே. ஒரு வீட்டிலே நால்வர் இருந்தால் நாலு விருப்பம் இருக்கும். மற்றவர் பாட்டைக் கேட்டிருக்கத் தெரிந்த வீட்டில் சண்டை குறைவு.

இன்று கலியாண வீடுகளில் மேடைக்குப் பதிலாகப் பெட்டி ஒன்று பாடுவது பெருகி வருகிறது. செலவு குறைவு, கேட்ட பாட்டு கேட்ட கணத்தில், அசல் குரலிலேயே வருகிறது. இதனைக் குறை சொல்லிப் பயனில்லை; எல்லோர் கையிருப்பும் ஒன்றன்று. நாம் முன்பு கேட்டவற்றைக் கணக்கிட்டு, அடுத்து எதைக் கேட்போம் என்று சொல்லும் இயந்திரங்களும் வந்துவிட்டன. ஆயினும் பாயைச் சுருட்டும் தாயை அது காணாது. ஓரத்தில் கைகட்டி நிற்பவனுடைய கால் தாளம் போடுவதை அறியாது. கடதாசியைக் கொடுத்துவிட்டு மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மூதாட்டியின் முகத்தை அது வாசிக்காது.

அடுத்த முறை நம்மூர்க் குழு மேடையேறும்போது, பாட்டு யாருடையது என்று மாத்திரம் பாராமல், பாடுகிறவர் கண் எங்கே போகிறது என்றும் சற்றுக் கவனிப்போம். அக்கண் நம்மைத்தான் தேடிக்கொண்டிருக்கும்.