ரஜூலாவுக்கு ஓர் உடன்பிறப்பு

சென்ற விடுமுறையில் புலாவ் பாயாரில் முதன்முறையாக ஸ்கூபா முக்குளித்தேன். "அதெல்லாம் பணக்காரர் விளையாட்டு" என்றார் அம்மா. பகுதிநேர வேலைச் சம்பளம் அதிலேயே கரைந்தது உண்மைதான். திரும்பும் படகில் நண்பர்களின் பேச்செல்லாம் போரில் மூழ்கிய சரக்குக் கப்பல்களைப் பற்றியே. 1942-இல் ஜப்பானியர் குண்டு வீசிய 'சகாயிங்' கப்பலைத் திருகோணமலையில் முக்குளித்துப் பார்க்க வேண்டுமாம். (2018-இல் இலங்கைக் கடற்படை அதை மிதக்கவைத்து, வேறிடத்தில் மறுபடியும் மூழ்கடித்தது.) எனக்கும் ஆசைதான். ஆனால் மூழ்கிய கப்பல் என்றால் நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று உண்டே!

எந்தக் கப்பலில் வந்தார்கள் என்று நம் வீடுகளில் கேட்டால் 'ரஜூலா' என்றுதான் பதில் வரும். பாட்டியும் தம் தந்தையைப் பற்றி அப்படித்தான் சொல்வார். ரஜூலாவைப் போலவே 1926-இல் கட்டப்பட்ட அதன் உடன்பிறப்பு 'ரோனா'. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று இரண்டும் ஒரே தடத்தில் ஓடின. கொள்ளுத்தாத்தா ஜார்ஜ்டவுனுக்கு வந்தது ரோனாவிலாகவும் இருக்கலாம்.

போர்க்காலத்தில் ரோனா படைவீரர்களை ஏற்றியது. 26.11.1943 அன்று அல்ஜீரியக் கடலோரத்தில் ஜெர்மன் விமானம் ஏவிய, வானொலி அலையால் இயங்கும் குண்டு அதைத் தாக்கியது. 1,015 அமெரிக்க வீரர்கள் மாண்டனர். அமெரிக்க அரசு பல்லாண்டுகள் அதை மறைத்தே வைத்திருந்தது. இன்று அவர்களுக்கு அலபாமாவில் நினைவுச்சின்னம் இருக்கிறது.

கப்பல் ஊழியர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அவர்களிலும் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மாலுமிகள் தங்களைக் கைவிட்டுப் படகேறினார்கள் என்று உயிர் தப்பிய வீரர்கள் சிலர் குறை கூறியுள்ளனர். இருக்கலாம். படகுகளை இறக்கும் கருவிகள் துருப்பிடித்துக் கிடந்தன என்பதும் வீரர்கள் சொன்னதுதானே? மாலுமிகள் சொன்னதை யார் எழுதிவைத்தார்கள்?

ரஜூலா என்றால் நமக்குத் தொண்டை அடைக்கிறது. ரோனா என்றதும் நம் பேரவையிலேயே "அது யார்?" என்றார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. தமிழ்ப்பள்ளியிலும் சரி, தேசியப்பள்ளியிலும் சரி, நான் படித்த வரலாற்றில் நாம் தோட்டத்துக்குள் நுழைந்த பிறகுதான் தோன்றுகிறோம். கடலைக் கடந்த கதை அங்கே இல்லை.

நம் கலைவிழாவுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை இதற்குக் கொடுத்தால் என்ன? ரஜூலா 1970-களின் தொடக்கம்வரை ஓடியது. சிறுபிள்ளைகளாக அதில் வந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கப்பலின் பெயர், ஆண்டு, இறங்கிய துறைமுகம், உடன் வந்தவர்கள் என்று கேட்டுப் பதிவு செய்யலாம். முக்குளிக்கப் பணம் வேண்டும். இதற்கு ஒரு கைப்பேசி போதும்.

வரும் சனிக்கிழமை நான் பாட்டியிடம் போகிறேன். அவருக்கு 84 வயது.