கட்டி முப்பது வயதுவரை காத்திருக்குமா?



அரசின் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை 30 வயதில் தொடங்குகிறது. மாமல்லபுரம் பக்கம், எங்கள் குப்பத்துப் பெண்ணுக்கு வயது 27. மீன்கூடையை இறக்கிவிட்டுக் குளிக்கையில், மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. காட்டிய இடத்தில், "பால்கட்டி, தானாகக் கரைந்துவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். ஐந்து மாதம் வீணானது.

இளம்பெண்கள் எல்லோருக்கும் மேமோகிராம் எடுக்கச் சொல்லவில்லை. அந்த வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் படத்தில் கட்டி தெரியாமல் போகலாம். ஆனால் கட்டி என்று வருகிறவளிடம் வயதைக் காரணம் காட்டாமல் ஸ்கேனும், தேவைப்பட்டால் ஊசிப் பரிசோதனையும் உடனே செய்ய வேண்டும். சர்க்கரை, பிரஷர் பார்க்க வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள், மாமியாரோடு நிறுத்தாமல் மருமகளிடமும் கேட்கட்டும்: "அம்மாவுக்கு, அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறதா?"

– ஒரு வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்