காண்டாக் கம்பும் திருப்புத்திறனும்

ஒவ்வோர் ஆண்டும் நம் கழகங்கள் தமிழ்ப்பள்ளிகளுக்குப் போகின்றன. தன்முனைப்பு முகாம் நடத்துகிறோம். "உன்னால் முடியும்" என்று முழங்குகிறோம். கைதட்டச் சொல்லி, படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறோம். செய்து பார்க்க ஒரு பொருளையாவது அந்தப் பிள்ளைகளின் கையில் கொடுக்கிறோமா நண்பர்களே? அடுத்த முறை ஒரு கம்பும் இரண்டு போத்தல்களும் கொண்டு போவோம் என்கிறேன் நான்.

தோட்டத்தில் பால் வெட்டிய நம் பாட்டிமார்கள் காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளியை மாட்டித் தோளில் சுமந்தார்கள். எந்த வாளியில் பால் அதிகமோ, அந்தப் பக்கமாகத் தோள் நகரும். பினாங்கில் சோற்றையும் கறியையும் நம்மவர்கள் இப்படிச் சுமந்து விற்றதால்தான் 'நாசி கண்டார்' என்ற பெயரே வந்தது. இதே கருத்து, இரண்டாம் படிவ அறிவியலில் 'மோமென் டாயா' என்று வந்து நிற்கிறது. தமிழில் திருப்புத்திறன்: விசையைத் தாங்குபுள்ளியிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அங்கே மொழியும் புதிது, கருத்தும் புதிது. நானும் அவ்வழியே வந்தவள்தான். கருத்து முன்பே கைக்குப் பழகியிருந்தால், புதிதாகக் கற்க வேண்டியது சொல் மட்டுமே.

ஒரு மீட்டர் துடைப்பக் கம்பு போதும். ஒரு முனையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல், மறுமுனையில் அரை லிட்டர் போத்தல். கம்பைக் கயிற்றில் தொங்கவிட்டு, எந்த இடத்தில் சமநிலை வருகிறது என்று தேடச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மூன்று மடங்கு எடை. ஆகவே பெரிய போத்தலிலிருந்து 25 சென்டிமீட்டரில் நிற்க வேண்டும் என்று கணக்குச் சொல்லும். நிற்காது! கம்பு 200 கிராம் இருந்தால், கயிறு ஏறக்குறைய 27 சென்டிமீட்டருக்கு நகர்ந்தால்தான் நிற்கும். சூத்திரம் பொய்யா? இல்லை. கம்பின் எடையை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். நாம் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். முகாம் நடத்தி முழங்கிப் பழகியவர்களுக்கு அதுதான் சிரமம்.

சின்ன வகுப்புக்குப் பென்சிலின் மேல் அடிக்கோல் போதும். நடுவிலிருந்து 6 சென்டிமீட்டரில் இரண்டு 20 சென் காசுகள், மறுபக்கம் 12 சென்டிமீட்டரில் ஒன்று. 2012இல் வந்த புதிய காசு பழையதைவிட எடை குறைவு. இரண்டையும் கலந்து கொடுத்தால் ஏன் சாய்கிறது என்ற நல்ல கேள்வி தானாகப் பிறக்கும்.

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை" என்று ஆசிரியர்கள் சொல்லலாம். அவர்கள் சுமை எனக்குத் தெரியாததல்ல. ஆனால் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. பயிற்சி நூலின் பிடி மட்டும் இன்னும் தளரவில்லை. மாணவர் குறைந்த பள்ளிகளை நினைத்து நாம் கவலைப்படுகிறோம். இந்த ஒரு வேலைக்கு அதுவே வசதி. பன்னிரண்டு பேர் இருக்கும் வகுப்பில் எல்லாருடைய கையும் கம்பைத் தொடும்.

செலவு என்கிறீர்களா? பதாகைக்குக் கொடுக்கும் பணத்தில் கம்புகள் வாங்கிவிடலாம். காலிப் போத்தலைப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கேட்டாலே கொடுப்பார்கள்.