தோற்ற ஆட்டத்தைப் பேச ஓர் இடம் வேண்டும்

சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்துக்குள் மிகைல் தால் செஸ் கிளப் என்று ஒன்று இயங்கியது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் 1972இல் தொடங்கியது. அங்கே ஐந்து நிமிட ஆட்டம் பிரசித்தம். ஜெயித்தவர் நாற்காலியை விட்டு எழ வேண்டாம். தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். மறுபடி தன் முறை வரும்வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்படி நின்ற சிறுவர்களில் ஒருவர் விஸ்வநாதன் ஆனந்த்.

ஆனந்துக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் அம்மா சுசீலா. அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பம் மணிலாவில் இருந்த நாட்களில், மகன் பள்ளியில் இருக்கும் நேரத்தில் தொலைக்காட்சியில் வரும் செஸ் புதிர்களை அம்மா குறித்துவைப்பார். பள்ளி விட்டு வந்ததும் இருவரும் உட்கார்ந்து விடை கண்டு அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். சிறுவனே திரும்பத் திரும்ப ஜெயிப்பதைப் பார்த்த நிகழ்ச்சிக்காரர்கள், வேண்டிய புத்தகங்களையெல்லாம் எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்கள். ஆனந்தே பேட்டிகளில் சொன்ன கதை இது. சோவியத் பிள்ளைகளுக்கு இருந்ததுபோன்ற பயிற்சிப் பள்ளி எதுவும் அவருக்கு இங்கே வாய்க்கவில்லை. புதிரும் வேக ஆட்டமும்தான் அடித்தளம். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2017இல், 48 வயதில், ரியாத்தில் உலக ரேபிட் பட்டத்தை வென்றார்.

பழைய கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அன்று தால் கிளப்புக்கு நடந்துபோனவர்களுக்கு மட்டும் கிடைத்த ஒன்று இன்று எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. லிசெஸ் தளம் முழுக்க இலவசம், விளம்பரம்கூடக் கிடையாது. செஸ்.காம் தளத்திலும் காசு கொடுக்காமலேயே எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் ஆடலாம். நள்ளிரவிலும் எதிராளி கிடைப்பார். திருச்சியில் கல்லூரி மாணவர்கள், துவாக்குடி பக்கம் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள், தெப்பக்குளம் கடைவீதியில் வியாபாரம் மந்தமான மதிய வேளையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்கள் என்று பலர் ஆடுகிறார்கள். கோச்சிங் போக இவர்களுக்கு நேரமில்லை, பணமுமில்லை, பலருக்கு அந்த எண்ணமும் இல்லை. ஆனாலும் ரேட்டிங் ஏற வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. அந்த ஆசை நியாயமானது, நிறைவேறக்கூடியதும்கூட. நிறைவேறாமல் தடுப்பது எது என்பதுதான் என் கேள்வி.

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த ஓர் இளைஞரின் ஆட்டத்தைப் பின்னாலிருந்து பார்த்தேன். மூன்று நிமிட ஆட்டம். ஒரு யானை அதிகம் வைத்திருந்தார். ஜெயித்தே ஆக வேண்டிய நிலை. ராஜா கோட்டை கட்டி மூலையில் இருக்கிறார்; முன்னால் மூன்று சிப்பாய்கள் அசையாமல் நிற்கின்றன. இவர் தன் யானையைக் கடைசி வரிசையிலிருந்து எடுத்து, அந்தப் பக்கம் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு சிப்பாயை வெட்டினார். எதிராளியின் யானை நேராக இறங்கியது. ராஜாவுக்கு நகர இடமில்லை, சொந்தச் சிப்பாய்களே வழியை அடைத்து நிற்கின்றன. செக்மேட். ஓரச் சிப்பாயை எப்போதாவது ஒரு கட்டம் தள்ளி வைத்திருந்தால் போதும். கடிகாரத்தில் இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. அவர் உதட்டைக் கடித்தார். கட்டைவிரல் 'ரீமேட்ச்' பொத்தானை அழுத்தியது. காவிரிப் பாலம் ஏறும்போது அடுத்த ஆட்டம் ஆறாவது நகர்த்தலில் இருந்தது.

அந்தப் பொத்தான்தான் பிரச்சினை என்று நினைக்கிறேன். தால் கிளப்பில் தோற்றவர் எழுந்து நின்றாரே, அந்தக் காத்திருப்புதான் அவருடைய பாடவேளை. எங்கே விட்டோம் என்று மனதுக்குள் ஓடும். பக்கத்தில் நிற்பவர், குதிரையை அங்கே வைத்திருக்கக் கூடாது என்பார். ஜெயித்தவரே, நீ இப்படி ஆடியிருந்தால் நான் காலி என்று சொல்வார். கைப்பேசி ஆட்டங்களை அள்ளிக் கொடுக்கிறது. ஆட்டங்களுக்கு நடுவே இருந்த அந்த இடைவெளியை எடுத்துவிட்டது. ஆயிரம் ஆட்டம் ஆடியும் ரேட்டிங் அதே இடத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஒரே பிழையைப் பல நூறு முறை செய்து, அதைக் கையோடு பழக்கிக்கொண்டவர்கள்.

வேக ஆட்டம் மூளையைக் கெடுக்கும் என்று பழைய ஆசான்கள் சொல்வதுண்டு. அதை நான் முழுதாக ஏற்கவில்லை. 1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் செய்த ஆய்வு புகழ்பெற்றது. நிஜ ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்தால், மாஸ்டர் பெரும்பாலான காய்களைச் சரியான கட்டத்தில் திரும்ப அடுக்கிவிடுகிறார். காய்களைத் தாறுமாறாகப் போட்டுக் காட்டினால் புதியவரைப் போலவே திணறுகிறார். அவரிடம் இருப்பது அசாத்திய நினைவாற்றல் இல்லை. பழகிய அமைப்புகளின் சேமிப்பு. சங்கீதம் கேட்டுப் பழகியவர் முதல் இழுப்பிலேயே ராகத்தைச் சொல்லிவிடுவதுபோல, பார்த்த மாத்திரத்தில் கடைசி வரிசை ஆபத்து அவர் கண்ணில் படுகிறது. 2004இல் வெளியான புரூஸ் பர்ன்ஸின் ஆய்வும் இதோடு ஒத்துப்போகிறது. வழக்கமான நேரத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவாகக் கிடைக்கும் பிளிட்ஸ் ஆட்டத்திலேயே, ஆட்டக்காரர்களின் திறன் வேறுபாட்டில் 81 சதவீதம் வரை தெரிந்துவிடுகிறது என்றது அது. ஆக, வேகத்தில் ஜெயிப்பவர் வேகமாக யோசிக்கிறார் என்பதைவிட, ஏற்கெனவே பார்த்ததை அடையாளம் காண்கிறார் என்பதே பொருத்தம். அந்தச் சேமிப்பைப் பெருக்கத் தடித்த புத்தகங்கள் கட்டாயமில்லை. தினமும் பதினைந்து நிமிடம் புதிர் போட்டால் சேரும். அதுவும் எளிய புதிர்கள்: ஒரே குதிரை இரண்டு காய்களைத் தாக்குவது, கட்டிப்போட்ட காயை மீண்டும் அடிப்பது, கடைசி வரிசை மேட். கடினமான புதிரில் அரைமணி நேரம் மாட்டிக்கொள்வது வேறு வகைப் பயிற்சி. மூன்று நிமிட ஆட்டத்துக்கு அது அவ்வளவாக உதவாது.

நேரக் கணக்கையும் பார்ப்போம். மூன்று நிமிடம் என்றால் 180 விநாடி. நாற்பது நகர்த்தல் ஆடினால் ஒன்றுக்கு நாலரை விநாடி. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டு விநாடி சேரும் 'மூன்று கூட்டல் இரண்டு' ஆட்டத்தில் அதே நாற்பது நகர்த்தலுக்கு 260 விநாடி, அதாவது ஆறரை விநாடி. எதிராளியின் யானை எங்கே பார்க்கிறது என்று ஒருமுறை கண்ணை ஓட்ட அந்த இரண்டு விநாடி தாராளம். உலக பிளிட்ஸ் போட்டியே இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. பாபி ஃபிஷர் வடிவமைத்துக் காப்புரிமை பெற்ற கடிகாரத்தால் வந்த வசதி இது. முன்னேற விரும்புகிறவர் ஒரு நிமிட புல்லட்டை விட்டு இதற்கு மாறினாலே சில வாரங்களில் வித்தியாசம் தெரியும். புல்லட்டில் மவுஸ் பயிற்சியும் விரல் பயிற்சியும்தான் அதிகம்.

ஓப்பனிங் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு பழகிக்கொண்டு ஆறு மாதம் மாற்றாமல் இருந்தால் போதும். இந்த மட்டத்தில் ஆட்டங்கள் பதினைந்தாவது நகர்த்தலுக்குப் பிறகு, சும்மா கிடந்த காயைப் பறிகொடுத்துத்தான் தோற்கின்றன.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. 2005இல் நீல் சார்னஸ் குழு வெளியிட்ட ஆய்வில், ரேட்டிங்கோடு மிக நெருக்கமாக ஒட்டி நின்றது தனியாக உட்கார்ந்து செய்த தீவிரப் படிப்பு. மேல்மட்ட ஆட்டக்காரர்கள் முதல் பத்தாண்டில் அதற்குச் சுமார் 5,000 மணி நேரம் கொடுத்திருந்தார்கள். இடைநிலை ஆட்டக்காரர்களைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. இதை மறைத்துவிட்டு, ஆடினாலே வந்துவிடும் என்று யாரும் ஆசை காட்டக் கூடாது. ஆன்லைன் பிளிட்ஸில் பல்லாயிரம் ஆட்டம் ஆடிய திருச்சூர் நிஹால் சரினை உதாரணம் காட்டுகிறவர்கள், அவருக்கு ஸ்ரீநாத் நாராயணன் போன்ற பயிற்சியாளர்கள் இருந்ததைச் சொல்வதில்லை. கிராண்ட்மாஸ்டர் ஆகப் படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் திருவெறும்பூரில் எட்டு மணி நேர வேலை முடித்து வருகிறவர் 1,100இலிருந்து 1,500க்குப் போக நினைத்தால், அவருக்கு அந்த 5,000 மணி நேரம் வேண்டியதில்லை. தோற்ற ஆட்டத்துக்கு இரண்டு நிமிடம் கொடுத்தால் நிறையவே நகரலாம்.

அந்த இரண்டு நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது என்பதில் உலக சாம்பியன் குகேஷின் கதை வழிகாட்டுகிறது. அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, 2500 ரேட்டிங்கை எட்டும்வரை கணினி எஞ்சினைத் தொடாமலேயே குகேஷை வளர்த்தார். ஆட்டம் முடிந்ததும் எஞ்சின் பொத்தானை அழுத்தினால் சிவப்புக் குறி போட்டுத் தவறைக் காட்டும்; பார்த்துவிட்டு மறந்துவிடுவோம். முதலில் நாமே பின்னோக்கிப் போய், எந்த இடத்தில் கை நடுங்கியது, எதிராளியின் எந்த நகர்த்தலை நாம் பார்க்கவேயில்லை என்று தேட வேண்டும். ஊகத்தைச் சரிபார்க்க மட்டும் எஞ்சின். ஒரு பிழையை ஒரு வரியில் நோட்டில் எழுதுங்கள். நூறு ஆட்டம் கழித்துப் புரட்டினால் அதில் பாதிக்கு மேல் மூன்று நான்கு வகைப் பிழைகளே திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

தொடர் தோல்வி வந்தால் எழுந்துவிட வேண்டும். சமபலமுள்ளவர்களோடு ஆடும்போது, டிராவை விட்டுவிட்டால், அடுத்த ஐந்து ஆட்டமும் தோற்க 32இல் ஒரு வாய்ப்பு உண்டு. மாதம் இருநூறு ஆட்டம் ஆடுகிறவருக்கு அப்படி ஒரு சரிவு வராமல் போனால்தான் ஆச்சரியம். அது கணக்கு, நம் மூளை மழுங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் ஆத்திரத்தில் இரவு ஒரு மணி வரை ஆடும் ஆறாவது, ஏழாவது ஆட்டங்களை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. கைப்பேசி ஆட்டம் என்றாலே பெற்றோருக்கு ஆன்லைன் ரம்மி நினைவுக்கு வருகிறது. செஸ்ஸில் பணம் போவதில்லை. தூக்கம் போகிறது, அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. தொடர்ந்து இரண்டு தோற்றால் அன்றைக்கு நிறுத்துவது நல்ல விதி.

செஸ்ஸுக்குத் தமிழ்நாடு செலவழிக்கத் தயங்கியதில்லை. 2013இல், ஸ்ரீரங்கம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த அன்றைய முதல்வர் ஜெயலலிதா, ஆனந்த் - கார்ல்சன் உலகப் போட்டியைச் சென்னையில் நடத்த 29 கோடி ரூபாய் ஒதுக்கினார். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது. இன்று மாநிலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள் இருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டிகளும் அகாடமிகளும் வந்துவிட்டன. பட்டம் வாங்கும் கனவு இல்லாமல், ஆட்டம் பிடித்துப்போய் ஆடும் பெரியவர்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் ஊருக்குள் உட்கார ஓர் இடம்தான் இல்லை.

அதைச் செய்யப் பெரிய பணம் வேண்டியதில்லை. மாவட்ட மைய நூலகத்தின் ஓர் அறை, கல்லூரிகளில் ஏதேனும் ஒன்றின் வராந்தா, உத்தர வீதியில் இன்னும் இடிக்காமல் வைத்திருக்கும் ஒரு வீட்டுத் திண்ணை, எதுவானாலும் சரி. ஞாயிறு மாலை நான்கு பலகை. ஐந்து நிமிட ஆட்டம். தோற்றவர் எழ வேண்டும். ஆனால் எழுவதற்கு முன் இருவரும் இரண்டு நிமிடம் ஆட்டம் திரும்பிய இடத்தைப் பேசிவிட வேண்டும். சுற்றி நிற்பவர்களும் பேசலாம். வாரம் முழுக்கக் கைப்பேசியில் ஆடிய ஆட்டங்களில் புரியாத ஒன்றை யாரும் கொண்டுவந்து காட்டலாம். மாவட்ட செஸ் அமைப்பினரும் நூலகர்களும் கல்லூரி உடற்கல்வி இயக்குநர்களும் இதை யோசிக்க வேண்டுகிறேன். யாரும் முன்வரவில்லை என்றால் நீங்களே நாலு பேரைக் கூப்பிட்டுத் தொடங்குங்கள். விரிப்புப் பலகையும் பிளாஸ்டிக் காய்களும் விளையாட்டுப் பொருள் கடைகளில் குறைந்த விலையில் கிடைக்கின்றன. கடிகாரத்துக்குக் கைப்பேசியிலேயே இலவசச் செயலி இருக்கிறது.