டெம்ப்ளேட்டை நம்பி 7 பேண்டா?

“ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்தானே? நாலு டெம்ப்ளேட், நூறு பெரிய வார்த்தை. மனப்பாடம் பண்ணிட்டுப் போங்க, 7 பேண்ட் கியாரண்டி.” வெளிநாட்டுக்குக் கிளம்பும் நர்ஸுக்கும் இன்ஜினீயருக்கும் ஊருக்கு ஊர் ஓதப்படும் வேதம் இது. பொதுக்கட்டுரையை உட்தலைப்புகளோடு நெட்டுருப் போட்டு மார்க் வாங்கிப் பழகியவர்கள் நாம், நம்பிவிடுகிறோம். ஆனால் இந்த ஆங்கிலத் தேர்வில் ‘பேண்ட்’ என்ற மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது என்பது ரகசியமே இல்லை. பேண்ட் விளக்க அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2023-ல் அதைத் திருத்தியும் வெளியிட்டார்கள்.

அட்டவணையில் நான்கு அளவுகோல்கள்: கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா, கருத்து கோவையாக ஓடுகிறதா, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம மதிப்பு. பதில் முழுவதும் மனப்பாடம் என்று நிரூபணமானால் பூஜ்யம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. மனப்பாடத் தொடர்களைப் பொருந்தாமல் செருகுவது கீழ்ப் பேண்டுகளின் அடையாளமாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

“முழுக்கவா மனப்பாடம் பண்ணச் சொல்கிறோம்? சட்டகம் மட்டும்தானே!” என்பார்கள். சரி, சோதித்துப் பார்ப்போம். நகர மையத்துக்குள் தனியார் வாகனங்களைத் தடை செய்ய வேண்டும் என்பதை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. சட்டகக்காரர், ‘இன் திஸ் மாடர்ன் எரா’ என்று தொடங்கி, இது சர்ச்சைக்குரிய விஷயம், இரு பக்கமும் நியாயம் உண்டு, கடைசிப் பத்தியில் என் கருத்தைச் சொல்வேன் என்று முன்னுரையை முடிப்பார். நாற்பது ஐம்பது வார்த்தை போய்விட்டது. வாகனத்தை எடுத்துவிட்டு அங்கே செல்போன் என்று போட்டாலும் அந்தப் பத்தி அப்படியே பொருந்தும். ‘எந்த அளவுக்கு’ என்ற கேள்வியின் உயிர்நாடியை அவர் தொடவே இல்லை.

இன்னொருவர் முதல் பத்தியிலேயே, தடை தேவை, ஆனால் பேருந்து வசதியைப் பெருக்கிய பிறகுதான் என்று நிலைப்பாட்டைச் சொல்கிறார். அடுத்த பத்தியில் சென்னை பாண்டி பஜாரை எடுக்கிறார். 2019-ல் அங்கே நடைபாதையை அகலப்படுத்தி நடைபாதை வளாகம் திறந்தார்கள். வண்டிகளை முழுக்கத் தடுக்கவில்லை, நடப்பவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். ஆகவே முழுத் தடைக்கு முன் செய்யக்கூடியவை உண்டு என்று வாதத்தை நகர்த்துகிறார். அவருடைய ஆங்கிலம் எளிமையானதுதான். ஆனால் முதல் அளவுகோல் கேட்பது இதைத்தான்: தெளிவான, வளர்த்தெடுத்த நிலைப்பாடு.

அடுத்து, பெரிய வார்த்தைகள். 7 பேண்டுக்கு அட்டவணை எதிர்பார்ப்பது அரிய சொல்லை மட்டுமல்ல, அது எந்தச் சொல்லோடு சேரும், எந்த நடைக்குப் பொருந்தும் என்ற உணர்வையும். ‘பிளெதரா’ என்ற சொல்லைத் தெரிந்துகொண்டு, கனமழைக்கு ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்று எழுதினால் என்ன பயன்? வரிக்கு வரி ‘மோர்ஓவர்’, ‘ஃபர்தர்மோர்’ ஒட்டுவதும் அப்படித்தான். இணைப்புச் சொற்கள் இயந்திரத்தனமாகத் தெரிந்தால் 6-லேயே நிற்க வேண்டியதுதான். 9-ல் அவை கண்ணில் படுவதே அபூர்வம்.

நிறைய எழுதினால் நிறைய மார்க் என்பது நம் பரீட்சைக் கூடத்தின் பழைய நோய். மொத்தம் 60 நிமிடம், ‘டாஸ்க்’ என்று இரண்டு கேள்விகள். டாஸ்க் 1-க்குக் குறைந்தது 150 வார்த்தை, கட்டுரையான டாஸ்க் 2-க்கு 250. டாஸ்க் 2-க்கு இருமடங்கு எடை. அதற்கு 40 நிமிடம் ஒதுக்கச் சொல்வது அதனால்தான். 400 வார்த்தை எழுதுவதற்கென்று தனி மதிப்பெண் கிடையாது, பிழைகள்தான் கூடும். 7 பேண்டுக்குப் பிழையில்லாத வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தைத் திருத்துவதற்கு வைத்திருப்பவரே கெட்டிக்காரர்.

இன்னொரு நம்பிக்கை, எக்ஸாமினருக்குப் பிடித்த கருத்தை எழுத வேண்டுமாம். எந்தப் பக்கமும் எழுதலாம். அவ்வளவுதான்.

பத்தி பிரிக்கவே தெரியாதவருக்கு முதல் வாரத்தில் ஒரு சட்டகம் கைகொடுக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரிட்டனில் நர்ஸாகப் பதிய ரைட்டிங்கில் 6.5 வேண்டும், கனடாவின் மொழி அளவுகோலில் 9-ஆம் நிலைக்கு 7 வேண்டும். அரை பேண்டில் ஒரு வருடம் தள்ளிப்போகிற இடம் இது. அங்கே கைகொடுப்பது எழுதுவது, திருத்தி வாங்குவது, அதே கட்டுரையைத் திரும்ப எழுதுவது மட்டுமே. ஆகவே கோச்சிங் சென்டரில் பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: வாரத்துக்கு என்னுடைய எத்தனை கட்டுரையை, யார் உட்கார்ந்து திருத்துவார்? பதிலுக்கு டெம்ப்ளேட் புத்தகத்தை நீட்டினால், வெளியே வந்துவிடுங்கள்.